கிழங்கு தின்னிக்குப் பனை எதுக்குல?

எல, முருகனுக்கே கெடு வைக்கிற ஆளை என் ஆயுசுல நான் இப்பத்தான் பாக்கேன். ஐப்பசிக்குள்ள வேலை கிடைக்கணும், கிடைச்சா மொட்டை, கிடைக்கலேன்னா இனிமே திருச்செந்தூர் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு ஒங்க அம்மைகிட்டச் சொன்னியாமே. அவ வந்து எங்கிட்டச் சொல்லி மூக்கைச் சிந்துதா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. நீ போகலேன்னா அங்கன கடல் வத்திருமா? நாழிக்கிணறு தூந்துருமா? ஒன்னைய விட்டா அவனுக்கு வேற ஆளு கிடையாதா?

மொட்டைங்கியே, அதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாரு. தன்னால முளைக்கிற மயித்தைக் கொடுத்துட்டு, அறுபது வயசு வரைக்கும் சம்பளம் வாங்குத உத்தியோகத்தைக் கேக்க. உடன்குடி சந்தையில கருப்பட்டி யாவாரிகளோட அறுபது வருசம் மல்லுக்கட்டினவன் நான். எவனும் இப்படி ஒரு பேரத்தை வாய்விட்டுக் கேட்டதில்ல.

அதுலயும் பொறுமை இல்லாதவன் போயி நிக்கிற வாசலைப் பாரு. ஒரு மாம்பழத்துக்குப் பொறுக்காம, பெத்தவங்ககிட்டக் கோவிச்சுக்கிட்டு மலையேறினவன் அவன். ஒன் அவசரம் அவனுக்குப் புரியாமலா இருக்கும்? ஆனா அதே புள்ள வளந்து, படையோட செந்தூருக்கு வந்து இறங்கினான்லா, அப்போ என்ன செஞ்சான்? கையில வேலு இருக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் சூரன் இருக்கான். எடுத்தவுடனே எறியல. வீரபாகுவைத் தூது அனுப்பிச்சு, பதிலு வர்ற வரைக்கும் பொறுத்தான். பழத்துக்குப் பொறுக்காதவன் பகைக்குப் பொறுத்திருக்கான். இதை எந்தச் சொற்பொழிவுக்காரனும் ஒனக்குச் சொல்லியிருக்க மாட்டான், நானாச் சொல்லுதேன், கேட்டுக்க.

சரி, ஒன் பரீட்சைக்கு வாறேன். 2024-ல குரூப் 4 எழுதினவங்க ஜூன் 9-ந்தேதி எழுதினாங்களாம், முடிவு அக்டோபர் 28-ந்தேதி வந்துதாம். டீக்கடையில பேப்பர் வாசிக்கிற பய சொன்னான். எழுதினது 15 லட்சத்துக்கு மேல, இடம் ஒம்பதாயிரத்துச் சொச்சம். அந்த 15 லட்சம் பேரும் வீட்டுல கையைக் கட்டிக்கிட்டா இருந்திருப்பான்? ஒருத்தன் செவ்வாய்க்கிழமை விரதம், ஒருத்தன் மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலுக்கு மெழுகுவத்தி, ஒருத்தன் ஏர்வாடி தர்காவுக்கு நேந்துக்கிட்டிருப்பான். ஒருத்தனுக்குக் கொடுத்தா நூத்தம்பது பேருக்கு மேல மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போவான். அந்த இடத்துல ஒன்னைய உக்கார வச்சா நீ என்னத்தச் செய்வ? ராத்திரியோட ராத்திரியா நடையைச் சாத்திட்டு இலங்கைப் பக்கம் ஓடியிருப்ப.

இந்தா கிடக்கு பாரு, இந்தச் சாக்குல இருக்கிறது பூராவும் பனங்கொட்டை. புரட்டாசி பிறந்தாச்சு, ஈரம் விழுறதுக்கு முந்தி மண்ணுக்குள்ள போகணும். நீ பட்டணத்துல போய்ப் படிச்சதுல இதை மறந்திருப்ப. கொட்டையைப் பதிச்சா அது மேல வராதுடே. மொதல்ல கீழதான் போகும். ஒரு முளையை மண்ணுக்குள்ள இறக்கி, அங்கன கிழங்கைக் கட்டும். மேல நின்னு பாக்கிறவனுக்கு வெறும் மணலு. ஒரு மாசம், ரெண்டு மாசம், ஒண்ணுமே நடக்காத மாதிரித்தான் இருக்கும்.

அங்கனதான் ஒன்னைய மாதிரி ஆளுக்குச் சோதனை. கொஞ்ச நாளுலயே தோண்டிக் கொட்டையை வெட்டினேன்னு வையி, உள்ள தவுன் இருக்கும். வெள்ளையா, பஞ்சு மாதிரி, தித்திப்பா. தையில தோண்டினேன்னா கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சுத் தின்னா அமிர்தம். அவசரப்பட்டவனுக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு வாத்தியார்மாரு சொல்லுவாங்க. அது சுத்தப் பொய்யி. அவசரப்பட்டவனுக்கு நல்ல தித்திப்பா ஒண்ணு கிடைக்கும். அதனாலதான் அவன் திரும்பத் திரும்பத் தோண்டுதான். பனைதான் நிக்காது, அவ்வளவுதான். பொங்கலுக்குப் பொங்கல் கிழங்கு தின்னுக்கிட்டு, நம்ம தேரியில ஏன் பனை இல்லன்னு அவனே நம்மகிட்ட வந்து கேப்பான்.

நீயும் என்ன செய்த? பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அந்தப் போனைத் தேய்க்க. நேத்து சாப்புடும்போது ஒங்க அம்மை மீன்குழம்பை ஊத்துதா, நீ எச்சிக் கையால தேய்க்க. முடிவு வந்துச்சா, வந்துச்சான்னு தோண்டித் தோண்டிப் பாத்தா அந்த ஆபீசுல இருக்கிறவனுக்குத் தெரியுமா, முருகனுக்குத் தெரியுமா? போனுக்குத்தான் தெரியும். அது பாவம், சூடாகுது.

கீழத்தெரு உபதேசியார் இருக்காருல்லா, அவரும் நானும் வேற வேற சாமி, ஆனா திண்ணை ஒண்ணுதான். அவரு ஒரு கதை சொன்னாரு. ஆபிரகாமுக்கு 75 வயசு. சாமி வந்து, ஊரை விட்டுப் புறப்படு, ஒன்னைய பெரிய சாதி சனமா ஆக்குதேன்னு வாக்குக் கொடுத்துது. மனுசன் கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. வருசம் போகுது, வருசம் போகுது, புள்ளையைக் காணும். பொண்டாட்டி சாராளுக்குப் பொறுமை போயிட்டு. தன் வேலைக்காரி ஆகாரைப் புருசனுக்குக் கொடுத்து, நாமளே ஒரு வழி பண்ணிக்கிடுவோம்னுட்டா. தோண்டிட்டா பாத்தியா! 86 வயசுல இஸ்மவேல் பொறந்தான். பொறவு அந்த வீட்டுல ரெண்டு பொம்பளைகளுக்கும் நடந்த சண்டை இருக்கே, அதைக் கேட்டா ஒங்க ஆச்சியும் ஒங்க பெரியாச்சியும் போட்டதெல்லாம் சண்டையே இல்ல.

அதுக்குப் பொறவு ஒரு நாளு சாமி வந்து, ஒனக்குப் புள்ள பொறக்கும்னு திரும்பவும் சொல்லுது. கூடாரத்துக்குள்ள இருந்து ஒட்டுக் கேட்ட சாராள் சிரிச்சுட்டா. கிழவிக்கு இனிமேயான்னு. சாராள் ஏன் சிரிச்சான்னு சாமி கேக்குது. நான் சிரிக்கலியேங்கா. இல்ல, நீ சிரிச்சங்குது சாமி. இதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சாமி மேல ஒரு பிரியமே வந்திட்டு. தன் மேல நம்பிக்கை இல்லாமச் சிரிச்சவளை அது அடிக்கல, சபிக்கல, நின்னு வாதாடிட்டுப் போயிருக்கு. ஆபிரகாமுக்கு 100 வயசுல ஈசாக்கு பொறந்தான். ஆக 25 வருசம். ஒனக்கு வயசே 25 ஆகல, அதுக்குள்ள சாமி கைவிட்டுட்டாருங்க.

பொறுத்தார் பூமி ஆள்வார்னு ஒரு சொலவடை இருக்குலா, அதுலயும் எனக்கு முழுத் திருப்தி கிடையாது. ஆள்வார்தான், பட்டா யாரு பேருல இருக்குன்னு எவனும் சொல்லல. நம்ம ஊருல பொறுமைன்னு சொல்லிக்கிட்டுத் திண்ணையில காலை நீட்டிப் படுத்திருக்கானே ஒருத்தன், ஒங்க சித்தப்பனைச் சொல்லல, பொதுவாச் சொல்லுதேன், எல்லாம் அவன் பாத்துக்கிடுவான்னு மேல கையைக் காட்டுவான். அவன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். இவன் படுத்திருக்கிறதைப் பாத்துக்கிட்டு இருக்கான்.

நான் பனையேறினவன். எனக்குக் காத்திருக்கிறதுன்னா என்னன்னு தெரியும். பாளை வந்தவுடனே பதனி வடியாது. கடிப்பை வச்சுப் பதமா நசுக்கணும். ரொம்ப நசுக்கினா பாளை செத்துரும், கம்மியா நசுக்கினா இறங்காது. பொறவு கட்டணும், நுனியைச் சீவணும். காலையில ஏறிச் சீவு, சாயந்தரம் ஏறிச் சீவு. மொத சில நாளு ஒரு சொட்டு விழாது. அப்பவும் ஏறணும். கலயத்துல சுண்ணாம்பு தடவிக் கட்டணும். வெறும் கலயத்துக்கு எதுக்குச் சுண்ணாம்புன்னு விட்டேன்னா, அன்னைக்குன்னு பாத்து வடியும், விடியும்போது புளிச்சுப் போயி நிக்கும், 1987-லேருந்து கள்ளுக்குத் தடை வேற, போலீசுக்காரன் வாசல்ல நிப்பான். வராததுக்கும் சேத்துச் சுண்ணாம்பு தடவினவன்தான் பனையேறி. நாப்பது மரம் ஏறி, நாப்பது கலயமும் காலியா இருந்த நாளுல, நான் சாமியை ஏசாமலா இருந்திருப்பேன்? நல்லா ஏசினேன். ஏசிக்கிட்டே சீவினேன். அவருக்கு வசவு ஒண்ணும் புதுசு இல்ல. அருவாளைக் கீழ போட்டாத்தான் அவருக்கும் நமக்கும் இருக்கிற வரவு செலவு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

சோசியன்கிட்டப் போனியாமே? குரு பெயரட்டும்னானாக்கும்? குரு வருசா வருசம் பெயரும். சனி ரெண்டரை வருசத்துக்கு ஒருக்கா பெயரும். இதுல நீ எப்பப் போனாலும் ஏதாவது ஒண்ணு பெயராமத்தான் இருக்கும். காத்திருக்கிறவன் இருக்கிற வரைக்கும் அந்தத் தொழிலுக்குக் கேடே கிடையாது. பயலுக்கு நல்ல புத்தி, ஒன்னைய அனுப்பி வச்ச ஒங்க அம்மைக்குத்தான் இல்ல.

காஞ்சிபுரத்துல அத்திவரதரைப் பாக்க 2019-ல பஸ் பிடிச்சுப் போனாங்களே நம்ம ஊருக்காரங்க. திரும்பி வந்து என்ன சொன்னாங்க? வரிசை நகரவே மாட்டேங்குது, காலு வீங்கிட்டுன்னு ஒரே புலம்பல். 1979-ல தண்ணிக்குள்ள போனவரு, 40 வருசம் படுத்துக் கிடந்து எழுந்து வந்திருக்காரு. அவரு முன்னால நின்னுக்கிட்டு நாலு மணி நேரம் ஆச்சுன்னு இவங்க கணக்குச் சொல்லியிருக்காங்க. அவருக்குக் கல் மனசா இல்லாம மர மனசா இருந்ததால பொறுத்துக்கிட்டாரு.

இப்போ நான் சொல்ல வந்ததைச் சொல்லிருதேன், அம்மை கூப்பிடுததுக்குள்ள. கொட்டையைத் தோண்டாம விட்டு, ஆடுமாடு கடிக்காமக் காத்து, வடலியா வளத்து, பன்னண்டு பதினஞ்சு வருசம் ஆகும் பாளை வர. அது வரைக்கும் அது ஆண்பனையா பெண்பனையான்னு யாராலயும் பாத்துச் சொல்ல முடியாது. வளத்தவனுக்கும் தெரியாது, பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கும் தெரியாது. நுங்குக்கு ஆசைப்பட்டு வளத்திருப்பான். கடைசியில பாளை விடும்போது பாத்தா அலகு. ஆண்பனை. ஒரு நுங்கு காய்க்காது, ஒரு பழம் விழாது.

2021-ல சர்க்காரு வேளாண்மைக்குன்னு தனி பட்ஜெட்டு போட்டு, 76 லட்சம் பனங்கொட்டை கொடுக்கோம்னு சொல்லிச்சு, கலெக்டரு அனுமதி இல்லாம மரத்தை வெட்டக்கூடாதுன்னும் சொல்லிச்சு. அதைக் கேட்டு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆணா பெண்ணான்னே பதினஞ்சு வருசம் தெரியாத காரியத்துக்கு அஞ்சு வருச ஆட்சி துட்டு ஒதுக்குதுன்னா, அதுவும் ஒரு பக்திதானடே.

ஆனா அலகுப்பனையை எவனாவது வெட்டுதானா? வெட்ட மாட்டான். அதுலயும் பதனி இறங்கும். நுங்கு கேட்டவனுக்குக் கருப்பட்டி கிடைக்கும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடுன்னு ஒரு பட்டயம் கொடுத்தாங்களே, அதுல ஆண்பனைக் கருப்பட்டி, பெண்பனைக் கருப்பட்டின்னு பிரிச்சா எழுதியிருக்கு? விடிலியில காய்ச்சும்போது எல்லாம் ஒரே சட்டிதான்.

எங்கய்யா, ஒனக்குப் பூட்டன், கொழும்புல ஒரு கடையில கணக்கெழுதிக்கிட்டு இருந்தாரு. லீவுல ஊருக்கு வந்தவரு, இலங்கைக்காரங்க 1948-ல சுதந்திரம் வாங்கிச் சட்டத்தை இறுக்கினதும் இங்கனயே மாட்டிக்கிட்டாரு. காகிதம் வரும், காகிதம் வரும்னு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நடையா நடந்தாரு. பெட்டியைக்கூட அவிழ்க்காம வச்சிருந்தாராம். எங்கம்மை அந்தப் பெட்டி மேலயே நெல்லுப் பானையை வச்சுட்டா. அவளும் நம்ம சாராள் மாதிரித்தான், சிரிச்சிருப்பா. காகிதம் வரல. அந்தச் சும்மா இருந்த நாளுல பொழுது போகாமப் பதிச்சதுதான் இந்த வடக்கு வரப்புல நிக்குத பனை பூராவும். காகிதம் வந்திருந்தா இந்நேரம் நான் சிங்களத்துல பேசிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன், நீ பொறந்தே இருக்க மாட்ட, முருகனுக்கும் ஒரு தொந்தரவு கம்மி. அவரு கேட்ட வரம் கிடைக்கலன்னுதான் சாகுத வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் அவரு நட்ட மரத்துல ஏறி ஒங்கய்யாவைப் படிக்க வச்சேன். இதுல எது வரம், எது வரம் இல்லைன்னு நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு.

சொல்லாம விடக்கூடாத ஒண்ணு இருக்கு. 2023 டிசம்பர்ல பெஞ்ச மழையை நீ பாக்கல, சென்னையில இருந்த. காயல்பட்டணத்துல ஒரே நாளுல 95 சென்டிமீட்டர். ஒரு வருசம் பூராவும் நம்ம பக்கத்துல அவ்வளவு பெய்யாது. மழை இல்லன்னு காலம் பூராவும் வானத்தை ஏசினவங்க நாம. அன்னைக்குச் செத்தவங்க வீட்டை நினைச்சா இதை வச்சு நையாண்டி பண்ண எனக்கு வாய் வரல. 17-ந்தேதி ராத்திரி திருச்செந்தூர்லேருந்து சென்னைக்குக் கிளம்பின ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு. தண்டவாளத்துக்குக் கீழ மண்ணே இல்ல, வெள்ளம் அரிச்சுட்டுப் போயிட்டு. 800 பேரு. முருகனைக் கும்பிட்டுட்டு ஏறினவங்களும் அதுல உண்டு. ரெண்டு நாளு, சுத்திலும் தண்ணி, கரண்டு இல்ல, போனு இல்ல. தேய்க்க முடியாது பாரு!

கும்பிட்டுட்டு வந்த எங்களுக்கே இப்படியான்னு எத்தனை பேரு கேட்டிருப்பான். நானா இருந்தாலும் கேட்டிருப்பேன். பக்கத்துல புதுக்குடி. அந்த ஊருக்காரங்க வீட்டுக்குள்ளயும் தண்ணிதான். அவங்க இருக்கிற அரிசியை அள்ளிப் போட்டுப் பொங்கி, இடுப்பளவுத் தண்ணியில சுமந்துக்கிட்டுப் போயிக் கொடுத்திருக்காங்க. ஹெலிகாப்டர் பொறவுதான் வந்துது. மேல பாத்துக்கிட்டே நின்னவன் ஹெலிகாப்டரைத்தான் மொதல்ல பாத்திருப்பான், சோறு பக்கவாட்டுல வந்துது. புதுக்குடிக்காரன் எவனும் நான் முருகன் அனுப்பி வந்தேன்னு சொல்லிக்கிட்டு வந்திருக்க மாட்டான். கரண்டியைக் கொண்டு வர மறந்துட்டேன், கையாலயே போடுதேன்னுதான் சொல்லியிருப்பான்.

என்னல முறைக்க? வேலை கிடைக்காதுன்னு நான் சொல்லல. கிடைக்கும், எனக்கு நம்பிக்கை இருக்கு, நீ கணக்குல கெட்டிக்காரன். தாலுகா ஆபீசுல ஒரு நாற்காலியில ஒன்னைய உக்கார வச்சு, ஒரு கிழவனை நீ நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அலைய விடுததையும் நான் பாத்துட்டுத்தான் சாவேன். அன்னைக்கு அந்தக் கிழவன் ஒன் மேல கெடு வைப்பான் பாரு, அப்போ தெரியும் முருகனோட கஷ்டம்.

இப்போ அந்த மம்பட்டியை எடு. சாக்கை என்னால இழுக்க முடியாது, முட்டு வலிக்கு. வடக்கு வரப்புல மரத்துக்கு மரம் நல்லா இடம் விட்டுக் குழி போடு, நெருக்கிப் போட்டா பின்னால ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிடும். இது காய்க்கும்போது தாத்தாவுக்கு என்ன வயசு இருக்கும்னு கணக்குப் போட்டுக்கிட்டு நிக்காத, எனக்கு அந்தக் கணக்கு தெரியும். போனைக் கொடு, மண்ணு பட்டா கெட்டுரும். நான் மடியில வச்சுப் பாத்துக்கிடுதேன், முடிவு வந்தா நானே வாசிச்சுச் சொல்லுதேன். எழுத்துத் தெரியாதவன் எப்படி வாசிப்பான்னு கேக்காத. தெரியாததனாலதான சொல்லுதேன், என்ன வந்தாலும் பாஸுன்னே வாசிப்பேன்.